டவுன் பஸ் போகிற தூரத்தில் கால்பந்து

எங்கள் பள்ளிக்கு எதிரே இருந்த சோளக்காட்டில் இப்போது டர்ஃப் மைதானம் வந்துவிட்டது. பச்சைப் பாய் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, பெரிய விளக்குகள் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே குழந்தைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி நடக்கிறது. மாதக் கட்டணம் உண்டு. பூட்ஸ், ஜெர்சி எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அரசுப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியையாக வந்திருக்கும் நித்யா டீச்சர் போன மாதம் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நம்ம புள்ளைங்கள்ல வசதி இருக்கறவங்க நாலஞ்சு பேரு அங்க சேந்துட்டாங்க. மத்தவங்க வலைக்கு வெளிய நின்னு பாக்கறாங்க. காசே வாங்காம நீங்க எப்படீங்க இத்தன வருசம் டீம் ஓட்டுனீங்க?"

போனில் சொல்ல ஆரம்பித்தேன்; பாதியில் அவருக்கு வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எழுதும்போது முதலிலிருந்தே வந்துவிட்டது.

நான் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பிறந்தவள். படிக்கிற காலத்தில் கோ-கோ ஆடினேன். அந்தச் சான்றிதழ்களை வைத்து உடற்கல்விப் படிப்பில் சேர்ந்து, ரொம்ப காலம் காத்திருந்து வேலை வாங்கினேன். இரண்டு மூன்று பள்ளிகள் மாறி, கடைசியில் சோமனூருக்குப் பக்கத்தில் இந்தப் பள்ளிக்கு வந்தேன். கால்பந்து நான் ஆடியதே இல்லை. ஒரு கோடை விடுமுறையில் பயிற்சி முகாம் போட்டு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். பந்தை எப்படி நிறுத்துவது என்பதை அங்கேதான், என்னைவிட வயதில் சின்னவர்களிடம் கற்றுக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பள்ளியைச் சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள். தறிக்குப் போகிறவர்களுக்குப் பகல் ஷிப்ட் ஒரு வாரம், ராத்திரி ஷிப்ட் ஒரு வாரம். வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்பதை அந்த ஷிப்ட்தான் முடிவு செய்யும். இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.

பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கைப்பந்து வலை கிழிந்து போயிருந்தது. புது வலை வரும்வரை சும்மா நிற்க வேண்டாமே என்று ஒரு பந்தைப் போட்டேன். ஒரு பந்துக்குப் பின்னால் ஒரு வகுப்பே ஓடியது. வலை வந்த பிறகும் அவர்கள் பந்தை விடவில்லை. செலவில்லாத விளையாட்டு, நம் பள்ளிக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஆடும் குறுவட்டப் போட்டிக்கு முதல்முறை போனபோது அந்த நினைப்பு போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். நடுவர் ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்து, என்னிடம், "பூட்ஸ் இல்லாம எறக்க முடியாதுங்க டீச்சர். எதிர்ல ஆடறவங்க பூட்ஸ் போட்டிருக்காங்க. மிதிச்சா வெரல் போயிரும்," என்றார். அவர் சொன்னது நியாயம். ஆடாமலே திரும்பினோம்.

அடுத்த நாள் பிள்ளைகளிடம், முடிந்தவர்கள் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்த வாரமே பயிற்சிக்கு வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள். கேட்டால் ஒருத்திக்குக் கால் வலி, ஒருத்திக்கு டியூஷன், ஒருத்திக்கு இந்த விளையாட்டே பிடிக்கவில்லை. காசு இல்லை என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் அந்த வார்த்தையை ஒரு பிள்ளை வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

தலைமை ஆசிரியை ருக்மணி அம்மாவிடம் போய் நிலைமையைச் சொன்னேன்.

ருக்மணி அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. யாருக்காவது ஒன்றை மறுக்க வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எழுந்து நின்று, புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, ரொம்ப மரியாதையாக முடியாது என்று சொல்வார். அதனால் அவர் எழுந்தாலே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். எந்தத் திட்டத்தோடு போனாலும் வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கேட்கமாட்டார். "வராதவங்க யாரு யாருங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் பெயர்களைச் சொன்னேன். எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்.

"அப்ப யாரும் வாங்க வேண்டாமுங்க. எல்லாருக்கும் பொதுவா பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாம்," என்றார்.

அந்தச் சமயத்தில் ஒரு நூல் மில் முதலாளி தானாகவே வந்தார். நல்ல மனிதர்தான். அணி முழுவதற்கும் புது பூட்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆண்டு விழாவில் ஒவ்வொரு பிள்ளையையும் மேடைக்கு அழைத்து, அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லி, தன் கையால் கொடுக்க வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் சந்தோஷத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ருக்மணி அம்மா எழுந்து நின்றார்.

"ரொம்ப சந்தோசமுங்க. பூட்ஸ ஆபீஸ்ல எறக்கி வெச்சுட்டுப் போங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். புள்ளைங்கள மேடை ஏத்த மாட்டேனுங்க."

"ஏனுங்க, நாலு பேரு பாத்தா இன்னும் நாலு பேரு குடுப்பாங்கல்லங்க?"

"குடுப்பாங்கங்க. அந்தப் புள்ள நாளைக்கு வகுப்புல உக்கோரணுமல்லங்க."

முதலாளி காப்பி குடித்துவிட்டு மரியாதையாகவே கிளம்பினார். பூட்ஸ் வரவில்லை. எனக்கு ருக்மணி அம்மா மேல் அத்தனை கோபம். ஒரு போட்டோ எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று வீட்டில் என் கணவரிடம் புலம்பினேன். "நீ மேடையில நின்னு வாங்குவியா?" என்று அவர் கேட்டார். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு கோயம்புத்தூரில் கல்லூரிகளாக ஏறி இறங்கினேன். கடைசி வருடப் பிள்ளைகள் விடுதியைக் காலி செய்யும்போது பழைய பூட்ஸை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். விடுதிக் காப்பாளர்களிடம் சொல்லிவைத்து அவற்றை மூட்டையாகக் கட்டி வாங்கி வந்தேன். சோமனூர் பஸ் நிலையத்தில் செருப்புத் தைக்கிறவர் அடிப்பாகம் பிரிந்தவற்றைத் தைத்துக் கொடுத்தார். ஆண்கள் அளவுதான் நிறைய. பெரிதாக இருந்தால் முனையில் கழிவுப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொள்வார்கள். பஞ்சுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

ஆய்வுக்கூடத்தில் சும்மா கிடந்த ஓர் அலமாரியில் அளவு வாரியாக அடுக்கினோம். அதற்கு ருக்மணி அம்மா ஒரே விதி வைத்தார். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. யாருக்கும் சொந்த பூட்ஸ் கிடையாது. தறிக்கூட முதலாளி மகளும் சரி, தறி ஓட்டுகிறவர் மகளும் சரி, எடுத்துப் போட்டு, விளையாடி, மண்ணைத் துடைத்து வைத்துவிட வேண்டும். ஓர் அப்பா தன் மகளுக்கு விலையுயர்ந்த ஜோடி ஒன்று வாங்கி அனுப்பிவிட்டுச் சண்டைக்கு வந்தார். "என்ற காசு, என்ற புள்ள. அடுத்தவங்க போட்ட பூட்ஸ எதுக்குங்க போடணும்?" அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் தன் புது பூட்ஸை அலமாரியில் வைத்துவிட்டு, எல்லோரையும் போலப் பழைய ஜோடி ஒன்றை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டாள். அப்பா கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த தொல்லை பயணம். வெளியூரில் ஆட வேன் பிடித்தால் அந்தச் செலவு மறுபடியும் பிள்ளைகள் தலையில்தான் விழும். நூல் ஏற்றிப் போகிற டெம்போவில் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். ருக்மணி அம்மா எழுந்துவிட்டார். சரக்கு வண்டியில் பிள்ளைகள் போகமாட்டார்கள்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனதும் எங்களுக்கு வழி கிடைத்தது. எந்தெந்தப் பள்ளிக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போகலாம், எங்கே இறங்கி மாற வேண்டும், வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் எந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது என்று பிள்ளைகளே விசாரித்து வைத்தார்கள். டவுன் பஸ் போகிற ஊர்களோடு மட்டும் நட்புப் போட்டி வைத்துக்கொண்டோம். பல்லடம் பக்கம் ஒரு பள்ளி, சூலூர் பக்கம் ஒரு பள்ளி, இப்படி. பந்து மூட்டைக்கு லக்கேஜ் போட வேண்டும் என்று ஒரு கண்டக்டர் பிடிவாதம் பிடித்தார். மூட்டையைப் பிரித்து ஆளுக்கொரு பந்தை மடியில் வைத்துக்கொண்டார்கள். "இப்ப எங்கீங்க மூட்டை?" என்று ஒருத்தி கேட்டாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் ஊதினார்.

பூட்ஸ் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கட்டணம் இல்லை. இனி எந்தப் பிள்ளையும் விட்டுப்போகாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோதுதான் சுகன்யா விஷயம் வந்தது.

சுகன்யா எங்கள் கோல்கீப்பர். அப்போது ஒன்பதாம் வகுப்பு. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறாள். ஆள் நெடுநெடுவென்று இருப்பாள். கோலில் நின்றால் முன்னால் இருக்கிற எல்லோரையும் குரலாலேயே நகர்த்துவாள். "கவி, எடது பக்கம்! புவனா, ஏறாத, நில்லு!" மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். அவள் கோலில் நின்றால் நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அவளை மாவட்ட அணிக்கான முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பத்து நாள், வெளியூரில் தங்க வேண்டும். சாப்பாடு, தங்குமிடம், பயணம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதிலிருந்து மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். எங்கள் பள்ளியிலிருந்து அப்படி யாரும் போனதில்லை. நான் அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

தறிக்கூடத்தை ஒட்டிய வரிசை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள். அங்கே பேச்சு என்பதே கை ஜாடைதான். வாய் அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் சில நாள்தான் ஊரில் இருப்பார். அம்மா பழனியம்மாள் தறி ஓட்டுகிறார். மூன்று வயதில் ஒரு தம்பி. அவனை அங்கன்வாடியிலிருந்து கூட்டி வந்து, சோறு ஊட்டி, அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை பார்த்துக்கொள்வது சுகன்யாதான். அம்மாவுக்கு ராத்திரி ஷிப்ட் வருகிற வாரங்களில் காலைப் பயிற்சிக்கு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அவன் கோலுக்குப் பின்னால் மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பான்.

பழனியம்மாள் என்னைத் தெரு முனைக்குக் கூட்டி வந்தார். அங்கேதான் பேசினால் கேட்கும். நான் எல்லாவற்றையும் சொல்லி, "ஒரு செலவும் இல்லீங்க. எல்லாமே இலவசம்," என்றேன்.

"இலவசமுங்களா?" என்றார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான். "அவ போயிட்டா இந்தப் பையன ஆருங்க பாப்பாங்க? நான் தறிக்குப் போகாம ஊட்டுல உக்கோந்தா, பத்து நாளைக்கு உங்க இலவசம் எங்களுக்குச் சோறு போடுங்களா?"

"யாராவது பக்கத்துல..."

"பக்கத்துலயும் தறிதானுங்க டீச்சர். எல்லாரும் ஷிப்டுக்குத்தான் போறாங்க. அவ பந்து பொறுக்கறதுக்கு நான் வேலைய விடோணுமுங்களா?"

மறுநாளும் போனேன். அதே பதில். மூன்றாவது முறை போனபோது, "நீங்க நல்லதுக்குத்தான் வாரீங்க. இனி வராதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பின்னால் சுகன்யா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டபோது, "விளையாட்டு பிடிக்கலைங்க டீச்சர்," என்றாள்.

ருக்மணி அம்மாவிடம் போய், பெண் வாழ்க்கையை அந்தம்மா கெடுக்கிறார் என்றேன். அவர் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா, பொண்ணு வெளையாடி பாத்திருக்காங்களா?"

"இல்லீங்க. ஷிப்ட் விட்டு எப்படீங்க வருவாங்க?"

"அப்ப நாம எதக் காட்டி எதக் கேக்கறமுங்க? அவங்களப் பொறுத்தவரைக்கும் அவ பந்து பொறுக்கத்தான் போறா."

அப்போதுதான் எனக்கு மின்தடை நாள் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக எங்கள் பகுதிக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்துவார்கள். அன்றைக்குத் தறி ஓடாது. ஊரே அமைதியாக இருக்கும். தறிக்குப் போகிறவர்கள் துணி துவைப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், தூங்குவார்கள். அந்த மாத மின்தடை நாளைப் பார்த்து, பல்லடம் பக்கத்துப் பள்ளியை எங்கள் மைதானத்துக்கே வரச் சொன்னேன். மதியம் கடைசிப் பாடவேளைகளை ருக்மணி அம்மா விட்டுக்கொடுத்தார். தறி வீடுகளுக்கெல்லாம் பிள்ளைகளே போய் அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். சுகன்யாவிடம் நான், முகாம் கிடக்கட்டும், இந்த ஒரு ஆட்டத்துக்குக் கோலில் ஆள் இல்லை என்று சொன்னேன். அது உண்மையும்தான்.

பழனியம்மாள் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரத்தலையோடு வந்தார். வேறு சில அம்மாக்களோடு புங்கமரத்தடியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"எல்லாரும் ஓடறாங்க, இவ மட்டும் ஏனுங்க சும்மா நிக்கறா?"

"அவதாங்க கோல்கீப்பர். பந்து உள்ள போகாம புடிக்கணும்."

அப்போது எதிரணி இறங்கி வந்தது. சுகன்யா கத்த ஆரம்பித்தாள். "புவனா, ஒட்டி நில்லு! கவி, பின்னால வாராங்க பாரு! விடு, விடு, என்ற பந்து!" தறிச் சத்தமே இல்லாத அந்த மதியத்தில் அவள் குரல் பள்ளிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் அவள் சொன்ன பக்கம் ஓடினார்கள். அவள் முன்னால் பாய்ந்து ஒருத்தி காலடியிலிருந்து பந்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு உருண்டாள்.

பழனியம்மாள் எழுந்து நின்றுவிட்டார்.

"அது சுகன்யாளுங்களா கத்துனது?"

"ஆமாங்க."

"ஊட்டுல வாயே தொறக்க மாட்டாளுங்க." பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "எப்படித் தொறப்பா? தறியில ஆருக்குக் கேக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் உட்காரவில்லை. கோட்டை ஒட்டியே நடந்தார். எதிரணிப் பெண் ஒருத்தி சுகன்யாவை இடித்தபோது நடுவரைப் பார்த்து, "ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டார். மகளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஒரு கோலில் தோற்றோம். கைகுலுக்கிவிட்டுப் பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பழனியம்மாள் என்னிடம் வந்தார்.

"அவ்வளவுதானுங்களா டீச்சர்? கரண்ட் வாரதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்களே. இன்னொரு ஆட்டம் வெக்கச் சொல்லுங்க."

எதிரணிக்கு பஸ் நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். முகாமைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் அவரே பள்ளி வாசலில் நின்றார். புவனாவின் அம்மாவும் கூட நின்றார். புவனாவின் அம்மா ராத்திரி ஷிப்ட், பழனியம்மாள் பகல் ஷிப்ட் என்று மேஸ்திரியிடம் பேசி மாற்றிக்கொண்டார்களாம். பையனைப் பகலில் அவர் பார்ப்பார்; ராத்திரியில் புவனாவை இவர் பார்த்துக்கொள்வார்.

"பத்து நாளுங்களா? போயிட்டு வரட்டுங்க," என்றார் பழனியம்மாள். "ஆனா எல்லாம் இலவசம்னு இனி ஆருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். நாங்க ரெண்டு பேரும் தூக்கத்த விட்டுப்போட்டுத்தான் அனுப்பறோம்."

நித்யா டீச்சருக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான். அதற்குப் பிறகு நான் இலவசம் என்ற வார்த்தையைப் பயன்படுத்தவில்லை. எங்கள் பள்ளியில் ஆடும் ஆட்டங்களை முடிந்தவரை மின்தடை நாளில்தான் வைத்தோம். காலைப் பயிற்சி நேரத்தில் பள்ளியை ஒட்டிய அங்கன்வாடி அறையைத் திறந்து தம்பி தங்கைகளை வைத்துக்கொள்ள ருக்மணி அம்மா அனுமதி வாங்கினார். எந்த வீட்டில் எந்த வாரம் ராத்திரி ஷிப்ட் என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் பயிற்சி வைத்தோம். டர்ஃபில் போய் இதையெல்லாம் கேட்க முடியாது. நம் பள்ளி மைதானத்தில் முடியும்.

சுகன்யா முகாமுக்குப் போனாள். மாவட்ட அணியில் ஆடினாள். மாநில அணிக்கு எடுக்கவில்லை. அவளைவிட இரண்டு பேர் நன்றாகப் பிடித்தார்கள் என்று பயிற்சியாளர் போனில் சொன்னார். சுகன்யாவும் அதையே சொன்னாள். எனக்குத்தான் அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. இரண்டு குடும்பம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது இதற்குத்தானா என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு சாயங்காலம் போனேன். பழனியம்மாள் தறிக்கூட வாசலில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கையை விரித்து ஜாடை காட்டினேன்; கிடைக்கவில்லை என்று. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எழுந்து என் காதருகே வந்து, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"அடுத்த வருசம் எந்த மாசமுங்க? இப்பவே சொல்லிப்போடுங்க. புவனாளையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க, அவ அம்மாவும் உங்களக் கேக்கச் சொன்னாங்க!"